வட்டக்காயா, பூசணிக்காயா? முன்பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு

வேலையில் சேர்ந்த முதல் மாதம் நான் இருபத்திரண்டு முயல்கள் செய்தேன். படத்தை நானே கீறினேன், நானே போட்டோக்கொப்பி எடுத்தேன், கோடு பிசகாமல் நானே வெட்டினேன். பஞ்சை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். கோணலாக ஒட்டிய காதுகளை அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நேராக்கியும் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்த அம்மாமார் சுவரைப் பார்த்து, "சோக்கா இருக்கு டீச்சர்" என்றார்கள். ஒருவர் மட்டும் மகளைக் குனிந்து கேட்டார்: "உன்ட முயல் எது மகள்?" பிள்ளை சுவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு என்னைக் காட்டி, "எல்லாம் டீச்சர்ட" என்றது.

உண்மைதான். அன்றைக்கு வேலை பழகியது நான் ஒருத்திதான்.

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளிகளில் ஒவ்வொரு ஜனவரியும் புதிய டீச்சர்மார் சேர்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளையை அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்துக்கொண்டு முழிக்கும் தாய்மாருக்கும் இதில் பாதி உதவும். நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று: பிள்ளையின் கைக்கு ஒரு நிஜமான வேலை கொடுங்கள், பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்து பாருங்கள். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வதென்ற விபரம்.

முதல் வாரம் கொப்பியும் பேனையும் மட்டும்

பாட்டுச் சொல்லிக்கொடுக்க, சுவரை அலங்கரிக்க, சாட் தொங்கவிடக் கை பரபரக்கும். பொறுங்கள். ஒரு சின்னக் கொப்பி வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். "நல்ல பிள்ளை", "குழப்படி" என்று எழுதினால் பிறகு ஒன்றுக்கும் உதவாது. கண்ணால் கண்டதை எழுத வேண்டும். என் பழைய கொப்பியில் இப்படி இருக்கிறது: "எல்லாருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடிகளையும் வாங்கி, பெரியதன் மேல் சிறியது வைத்து அடுக்குகிறான்." "செருப்பு ராக்கையில் யாருடைய செருப்பு எங்கே என்று இவளுக்குத் தெரியும்." முதலாமவனுக்கு அளவும் வரிசையும் பிடிக்கிறது. இரண்டாமவளை நாளைக்கே வருகை பதிய வைக்கலாம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

நம் ஊரில் எந்த முன்பள்ளியையும் "மொன்டிசோரி" என்றே கூப்பிடுகிறோம். மரியா மொன்டிசோரி படிப்பால் ஒரு வைத்தியர். 1907இல் ரோம் நகரின் சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். நோயாளியைக் கவனிப்பதுபோலப் பிள்ளைகளைக் கவனித்து, கண்டதை வைத்துச் சாமான்களை மாற்றிக்கொண்டே போனார். 1939இல் இந்தியாவுக்கு வந்தவர், யுத்த காலத்தில் அங்கேயே தங்கிப் பயிற்சி கொடுத்தார், இலங்கைக்கும் வந்துபோயிருக்கிறார். அவருடைய பெயர் நம் பெயர்ப்பலகைகளில் ஏறிவிட்டது. கவனிக்கும் பழக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சாமான் சேர்ப்பது

புறக்கோட்டைக்குப் போய் விளையாட்டுச் சாமான் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மையில் பொம்மைக்குத்தான் வேலை, பிள்ளைக்கு இல்லை. பெற்றோருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள்: கழுவிய யோகட் கப், போத்தல் மூடி, சிரட்டை, பழைய சாவி, தையல்காரர் வெட்டிப்போடும் துணித்துண்டு, காட்போட் பெட்டி. ஒரு வாரத்தில் வகுப்பு நிறைந்துவிடும். 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியக் கலைஞர் எழுதியதும் இதைத்தான்: நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிச் சாமான்கள் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புதிதாக யோசிக்க இடம் கிடைக்கும். சிரட்டையில் சோறு சமைத்து விளையாடிய நமக்கு இது புதுச் செய்தியில்லை.

வந்ததையெல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஐந்தாறு வகையைத் தட்டுகளில் வையுங்கள், மிச்சம் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். டொய்லட் பேப்பர் சுற்றி வரும் காட்போட் குழாய் ஒன்றை மேசையில் வைத்திருங்கள். அதற்குள் புகுந்து விழுகிற எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையிலும் போய் அடைக்கலாம். மூன்று வயதுக்காரரின் மேசையில் அப்படிப்பட்ட சாமான் இருக்கவே கூடாது. அடுத்தது விதைகள். எண்ணிப் பழக வடிவாக இருக்கிறதென்று சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை யாராவது கொண்டுவருவார்கள். சித்திரை வருடத்துக்குச் சிங்கள வீடுகளில் ஆடும் ஒலிந்த கெளிய என்ற விளையாட்டில் உருளுவதும் இதே மணிதான். ஓடு உடைந்து உள்ளே போனால் கடும் நஞ்சு. முன்பள்ளிக்குள் ஒரு மணியும் வேண்டாம். புளியங்கொட்டை போதும், அதுவும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

கடை வைப்பது

ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பேச்சு, எண், எழுத்து, நிறை, சண்டை, சமாதானம் எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை வரும்போது சந்தையில் ஒரு பை மரக்கறி வாங்கிக்கொண்டு வாருங்கள். படம் வேண்டாம், உண்மையான மரக்கறி. வெண்டிக்காய், பீர்க்கங்காய், இஞ்சி, ஒரு கட்டு வல்லாரை, ஒரு கீற்றுப் பூசணி. பாயில் பரப்பித் தொட விடுங்கள், மணக்க விடுங்கள். "இது என்ன?" என்று தொடங்கினால் தெரிந்த பிள்ளை கத்தும், தெரியாத பிள்ளை ஒதுங்கும். "இதை உங்கட வீட்டில என்ன செய்வாங்க?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும்.

என் வகுப்பில் அந்தக் கீற்றைத் தூக்கியவுடன் ஒருத்தி "வட்டக்காய்" என்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வீட்டுப் பையன் "இல்ல, பூசணிக்காய்" என்றான். இரண்டு கட்சி உருவாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "வீட்டில கேட்டுட்டு வாங்க" என்று விட்டேன். மறுநாள் மூன்றாவது கட்சி வந்தது. ஹட்டனிலிருந்து வந்திருந்த அப்பாயி "பறங்கிக்காய்" என்று சொல்லியனுப்பியிருந்தார். விலைத் துண்டில் மூன்று பெயரையும் எழுதினேன். யாருடைய சொல் எது என்று பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு நான் வாசிப்புப் பாடம் எதுவும் வைத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைக் கட்டுவது அவர்களுடைய வேலை. மேசை எங்கே, முதலாளி யார், வரிசை எந்தப் பக்கம் என்று சண்டை வரும், வரட்டும். நீங்கள் ஒரு தராசு மட்டும் செய்து கொடுங்கள். உடுப்புக் கொழுவும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் நூலில் ஒவ்வொரு யோகட் கப்பைக் கட்டி, கதவுப்பிடியில் தொங்கவிட்டால் முடிந்தது. ஒரு கப்பில் சின்ன உருளைக்கிழங்கு ஒன்று, மற்றதில் பிதுங்கி வழிகிற அளவுக்கு வல்லாரை. எது பாரம் என்று வைப்பதற்கு முன்னே கேளுங்கள். பெரும்பாலும் கீரைக்குத்தான் கை உயரும், பார்வைக்குப் பெரிதல்லவா. தராசு கிழங்குப் பக்கம் சாய்ந்ததும் ஒரு நிமிடம் சத்தம் அடங்கும். அந்த நிமிடத்தில் தயவுசெய்து விளக்கம் சொல்லிவிடாதீர்கள். அவர்களே கீரையை அமுக்கி அமுக்கித் திரும்பவும் நிறுப்பார்கள்.

புதன்கிழமை காசு. தாளை அவர்களே கீறட்டும். ஒருவன் ஐயாயிரம் எழுத வெளிக்கிட்டுச் சைபர் போட்டுப் போட்டே தாளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான். சில்லறைக்குப் பெரிய மூடிகள். ஒரு வெண்டிக்காய் ஒரு மூடி.

எண்ணுவதைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இருபது வரை மூச்சு விடாமல் சொல்கிற பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பாட்டுப் பாடமாக்கியது போல. எட்டு வெண்டிக்காயைத் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்ததும், "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "எட்டு" என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறதா? கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. திட்டியோ திருப்பிச் சொல்லவைத்தோ அது வராது. "எனக்கு அஞ்சு வெண்டிக்காய் தாங்க" என்று வாடிக்கையாளராக நின்று தினமும் கேளுங்கள். எடுத்துத் தருவது எண்ணிச் சொல்வதைவிடக் கஷ்டமான வேலை. மூன்றைச் சரியாகத் தருகிறவரிடம் நாளைக்கு நான்கு கேட்பது, அவ்வளவுதான் கணக்குப் பாடம்.

டீச்சர் வாங்க வருகிறவராகத்தான் இருக்க வேண்டும், முதலாளியாக இருக்கக் கூடாது. அதுவும் கொஞ்சம் கரைச்சல் தருகிறவராக. "போன தடவை தந்த வெண்டிக்காய் முத்தல் தம்பி, மாத்தித் தாங்க" என்று நின்றேன். கடைக்காரர் திகைத்தார். பின்னாலிருந்த பெண்பிள்ளை முன்னுக்கு வந்து, வெண்டிக்காயின் நுனியைப் படக்கென்று முறித்துக் காட்டி, "இது பிஞ்சு. பாருங்க, உடையுது" என்றாள். சந்தையில் அம்மாவின் கையைப் பார்த்த பிள்ளை. பிறகு அன்று முழுக்கக் கடையில் வெண்டிக்காய் முறிக்கும் சத்தம்தான். முழுதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொரு நாள் பாக்கிக் காசு கேட்டேன். நாலு வயது முதலாளி முகத்தைத் தூக்காமலே சொன்னான்: "சில்லறை இல்ல டீச்சர். டொபி தரவா?" எத்தனை டொபி என்று பேரம் பேசியதில் கழித்தல் கணக்கு நடந்தது. அடுத்தவர் கார்ட்டை நீட்ட, "மெஷின் வேல செய்யல்ல" என்றார்கள். கொழும்பு முழுதும் அந்த மேசைக்குள் இருந்தது.

பேசாத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து புதிதாகக் கொழும்புக்கு வந்த ஒரு பையன் மூன்று கிழமையாக வாய் திறக்கவில்லை. வாங்கவோ விற்கவோ சொன்னால் இன்னும் சுருங்குவான் என்று தோன்றியது. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் இருக்கிறார்களே, அந்த வேலையைக் கொடுத்தேன். பேச்சுத் தேவையில்லை, தோளில் பை போதும். இரண்டு நாள் மூச்சுக் காட்டாமல் சுமந்தான். மூன்றாம் நாள் வரிசை பாதையை மறிக்க, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

கடையை எப்போது மூடுவது? வாங்க ஆள் வராமல் முதலாளிமார் மட்டும் நிற்கும்போது. எனக்கு வழக்கமாக ஒன்றரைக் கிழமை ஓடும். மிஞ்சிய மரக்கறியைக் கழுவிச் சூப் வைத்துவிடுங்கள்.

கேட்டுவிட்டு ஐந்து எண்ணுங்கள்

கேள்வி கேட்டவுடன் பதிலையும் நாமே சொல்லிவிடுவது டீச்சர்மாரின் தொழில்நோய். கேளுங்கள், மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை மெதுவாக எண்ணுங்கள், பிறகு வேண்டுமானால் பேசுங்கள். முதல் நாள் அந்த ஐந்து ஒரு யுகம் போல இருக்கும்.

பிள்ளை பாதி சிங்களம், பாதி இங்கிலிஷ் கலந்து பதில் சொன்னால் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். "வத்துர ஊத்திட்டேன்" என்றால், "தண்ணி ஊத்தினீங்களா, எவ்வளவு ஊத்தினீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனால் போதும். சொல்லும் காதில் விழும், பேச்சும் அறுந்துபோகாது.

இருட்டில் வளர்ந்த பயறு

பயறு முளைக்க வைக்காத முன்பள்ளி இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் ஒரு கப் மட்டும் வைக்கிறார்கள். இரண்டு வையுங்கள். இரவு ஊறிய பயற்றை ஈரப்பஞ்சில் போட்டு, ஒன்றை யன்னலிலும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைத்துவிட்டு, எது உயரமாக வளரும் என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு மூடி, நினைக்கிற பக்கத்துப் பேணிக்குள் போடட்டும். எங்கள் வகுப்பில் யன்னல் பேணி நிறைந்தது. அலுமாரிக்கு ஒரே ஒரு மூடி, அதுவும் வெயிலைக் கண்டால் பயப்படுகிற பிள்ளையுடையது.

ஐந்தாறு நாளில் அலுமாரியைத் திறந்தால், உள்ளே இருந்ததுதான் நெட்டையாக நிற்கும், ஆனால் வெளிறிப்போய், மஞ்சளாக. யன்னலில் இருந்தது கட்டையாக, பச்சையாக. "காய்ச்சல் வந்திருக்கு" என்றது ஒரு பிள்ளை. "எட்டிப் பாக்குது" என்றது இன்னொன்று. இரண்டாவது பதில் கிட்டத்தட்ட விஞ்ஞானம். விதை தன் கட்டுச்சோற்றைத் தின்றுகொண்டே வெளிச்சத்தைத் தேடி நீளுகிறது. வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உண்டாகாது. கட்டுச்சோறு முடிந்ததும் சாய்ந்துவிடும். கட்டுச்சோறு என்று சொன்னால் பிள்ளைக்கும் விளங்கும்.

"எழுதப் பழக்குறது எப்ப டீச்சர்?"

இந்தக் கேள்வி இரண்டாவது வாரத்திலேயே கேற்றடியில் வரும். ஜனவரி 31க்கு ஐந்து வயது நிறைந்தால் முதலாம் ஆண்டு, பெரிய பள்ளிக்கூடம், அந்தப் பதற்றம். அம்மாமாரோடு வாதாடாதீர்கள். எனக்கு உதவிய இரண்டு காரியத்தைச் சொல்கிறேன்.

ஒரு தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி, விரலால் எழுத விடுங்கள். விஜயதசமிக்கு மடியில் இருத்தி அரிசியில் 'அ' எழுதுவித்த வீடுகள் இதை மறுக்காது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மணலில்தான் எழுதினார்கள். எழுதலாம், தட்டைக் குலுக்கி அழிக்கலாம், பிழை போட்டதற்குச் சாட்சி இருக்காது. பென்சிலை ஏன் தள்ளிப்போடுகிறோம் என்று கேட்டால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுங்கள். அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் இருக்க வேண்டும். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. நாலு வயதில் அவற்றில் பல இன்னும் எலும்பாகியிருக்காது. அந்தக் கைக்கு முதலில் பிசையவும் முறுக்கவும் வேலை கொடுக்க வேண்டும். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், நிறத்துக்கு மஞ்சள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் களிமண்ணுக்குப் பதில் ஒரு மாவுருண்டை. உப்பு மிகுதி, தின்னக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டுப் பயப்படுகிற அம்மாவிடம், பிள்ளையின் பெயரிலுள்ள மூன்று நான்கு எழுத்து முதலில் போதும் என்பேன். வடிவத்துக்கு ட, ப, ம. பெரும்பாலும் நேர்கோட்டில் நிற்கிற எழுத்துகள். 'அ'வின் சுழிகள் பிந்தி வரட்டும். முதல் எழுத்தாயிற்றே என்று அதிலேயே பிள்ளையை மாட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது காரியம்: வீட்டுவேலை கேட்கிறார்களா, வீட்டு வேலையையே கொடுங்கள். "இன்றைக்குப் பயிற்றங்காயை மகன்தான் முறித்துத் தரவேண்டும். எத்தனை துண்டு என்று நாளைக்குச் சொல்ல வேண்டும்." முதலில் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில், "இப்ப கிச்சினை விட்டுப் போறானில்ல டீச்சர்" என்று முறைப்பாடு வரும்.

முடக்குவரை ஒரு நடை

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு வருடத்தில் ஒருநாள் பஸ் பிடித்துப் போவதைவிட, ஒழுங்கை முடக்குவரை பத்துத் தரம் நடப்பதில் அதிகம் கிடைக்கும். ஒரு நீளக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு பெரியவர். பெற்றோரின் கையெழுத்து முன்கூட்டியே வேண்டும். காலி வீதிக் கரையில், உள்ளே தள்ளி நின்று பஸ் நம்பர் பாருங்கள்: 100, 101, 155. "ரெண்டு சைபர் இருக்கிற பஸ் வருதா?" என்று கேட்டால் போதும், இலக்கம் வாசிப்பது தானாக வரும். கடற்கரைப் பக்கம் ரயில் பாதை குறுக்கிடுகிறது, கயிறு பிடித்த கூட்டத்தோடு அங்கே போகவேண்டாம். மழை நாளில் வெள்ளவத்தைக்காரருக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் கிட்ட இருக்கிறது.

நடந்து வந்த களைப்பில் கதை. புத்தகத்தை மூடிவைத்து, யன்னலுக்கு வெளியே நிற்கிற காகத்தைக் காட்டி வடை சுட்ட பாட்டியின் கதையைத் தொடங்குங்கள். பாதியில் நிறுத்தி, "பிறகு?" என்று கேளுங்கள். என் வகுப்பில் காகம் காலி முகத்திடலுக்குப் பறந்து இஸ்ஸோ வடை எடுத்தது. நரி கேட்டபோது பாடவில்லை. மேலே ஒட்டியிருந்த இறாலை மட்டும் தின்றுவிட்டு, வடையைக் கீழே போட்டது. நரிக்கும் சந்தோஷம். நான் இனி அந்தக் கதையைப் பழையபடி சொல்லப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை

பிள்ளைகள் கழுவிய கப், வாளி, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பின் முட்டை ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிவிடும். சேர்த்துவைத்த சிரட்டைக் குவியலோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அகப்பட்டால், "ஆக்கச் செயற்பாடு" என்று சொல்லித் தப்ப முடியாது. கவிழ்க்கும் வேலைக்கு நாலு வயதுக்காரர் இருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். கடைசிச் சொட்டு விழும்வரை அவர்கள் உங்களைக் கதவைப் பூட்ட விடமாட்டார்கள்.